மாண்புமிகு பூனை அவர்கள்

சூலூரில் கிரைண்டர் கம்பெனி நடத்தும் ரங்கப்பருக்குக் கௌரவம்தான் மூச்சு. கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தைக் கவனிக்கும் தெய்வானையைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் போடற பதிவப் பாத்து ஊரே சிரிக்கோணும். கம்பெனி கௌரவமும் குறையக்கூடாது. ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் உனக்கு வேலை இல்ல அம்மணி."

அவள் எழுதிக் கொடுத்தாள்: "எங்கள் கிரைண்டர் ஓடும்போது பூனைகூடத் தூங்கும்."

முதலாளி பச்சை மையால் திருத்திக் கையெழுத்தும் போட்டார்: "மாண்புமிகு பூனை அவர்களும் துயில் கொள்வார்கள்."

தெய்வானை அந்தத் தாளையே படம்பிடித்துப் பக்கத்தில் போட்டுவிட்டாள். ஊரே சிரித்தது. "பூனை அவர்கள் எழுந்துவிட்டாரா?" என்று ஆயிரம் பேர் விசாரித்தார்கள்.

"யாரக் கேட்டுப் போட்டே?" என்று குதித்தார் முதலாளி.

தெய்வானை அவர் கையெழுத்தைக் காட்டினாள்.

"கௌரவமும் உங்களுது, சிரிப்பும் உங்களுதுங்க. பூனை மட்டுந்தானுங்க என்னுது."