பிரசங்கியாரின் மூக்குக்கண்ணாடி

ஊரே கைகட்டி நிற்கும் பிரசங்கியார் பென்சாம், காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு ஜெபிக்க மனைவியோடு எமல்டா வீட்டுக்கு வந்தார். வந்ததும் மருந்து பாட்டில்தான் கண்ணில் பட்டது.

"டாக்டரா, கர்த்தரா? ஒருத்தரைத்தான் நம்பணும். அதைக் கொட்டு!"

எமல்டா தயங்கியபடியே பாட்டிலை எடுத்தாள். வீட்டுவேலை செய்யும் ரூபிலா பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"கொட்டிடலாம் ஐயா. முதல்ல ஒரு வசனம் வாசிங்க."

அவர் வேதத்தைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"கண்ணாடி எதுக்கு ஐயா? கர்த்தரை நம்பி வாசிங்களேன்."

"அடியே, கண்ணாடி செய்யுற அறிவே கர்த்தர் குடுத்ததுதான்!"

"அப்போ மருந்து செய்யுற அறிவை யாரு குடுத்தா?"

பிரசங்கியார் வேதத்தைப் புரட்டினார். கண்ணாடி போட்டும் பதில் கிடைக்கவில்லை.

"ஆமென்!" என்று முதலில் சிரித்தது அவர் மனைவிதான்.

"ஜெபத்தை நீ பண்ணு ரூபிலா," என்று எமல்டா பாட்டிலை வாங்கி, மருந்தைக் குழந்தையின் வாயில் ஊற்றினாள். குழந்தை மடக்கென்று விழுங்கியது.