ஏசுவடியானின் இடது கால்

தாணுமாலயன் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதமணி ஆசானின் வர்ம வைத்தியசாலையில் சீடராகச் சேர்ந்திருந்தார். ஆசானுக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். அதிலெல்லாம் மனுஷனுக்குக் கூச்சம் கிடையாது.

அடிபட்ட வலிக்குப் பற்று, சுளுக்குக்குத் தடவல், நரம்பு இழுத்தால் வர்மப் புள்ளி என்று வாய் ஓயாமல் ஒப்பித்துக்கொண்டிருப்பார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் வலிக்கிற இடத்தில் தன் விரலை வைத்துக் காட்ட வேண்டும். வைத்தியரின் கை முதலில் அங்கேதான் போக வேண்டும்.

அன்று ஏசுவடியான் வந்தான். லாரி டிரைவராக இருந்தவன். விபத்தில் இடது கால் முட்டுக்குக் கீழே போய்விட்டது. புண் எப்போதோ ஆறிவிட்டது.

"எங்கே வலி? விரலை வை," என்றார் தாணுமாலயன்.

அவன் குனிந்து, கால் இல்லாத இடத்தில், வெறும் காற்றில் விரலை வைத்தான். "பெருவிரல் மடங்கி உள்ளங்காலைக் குத்துது சாரே. நிமிர்த்தவே முடியல."

தாணுமாலயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல ஆளுப்பா நீ," என்று முட்டில் எண்ணெயை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார்.

"அங்கே வலிக்கல சாரே. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க, என் பெஞ்சாதிகூட. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னும் மேலே வெட்டிரச் சொல்லப் போறேன்."

தாணுமாலயனின் கை நின்றுவிட்டது. சிரித்ததை நினைத்து வெட்கமாகப் போயிற்று.

ஆசான் வந்து தரையில் உட்கார்ந்தார். ஏசுவடியான் காட்டிய இடத்தில், அந்தக் காற்றுக்குக் கீழே, உள்ளங்கையை ஏந்தினார்.

"இந்த விரலா?"

"ஆமா ஆசானே."

"சாரே, சுவர்ல மாட்டியிருக்கிற நிலைக்கண்ணாடியைக் கழற்றிட்டு வாங்க."

தாணுமாலயன் ஓடினார். எதற்கென்று தெரியாமலே ஓடினார்.

ஆசான் கண்ணாடியை ஏசுவடியானின் கால்களுக்கு நடுவே, நல்ல காலைப் பார்த்தபடி நிறுத்தச் சொன்னார். கண்ணாடிக்குள் இப்போது ஓர் இடது கால் தெரிந்தது. விரல், நகம் எல்லாம் இருந்தன.

"அதையே பாரு. ரெண்டு காலையும் சேர்த்து மடக்கு. இப்போ மெல்ல விரி."

நல்ல காலின் விரல்கள் விரிந்தன. கண்ணாடிக்குள் இருந்தவையும் விரிந்தன.

"இன்னொரு தடவை."

ஏசுவடியான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். "ஆசானே, நிமிருது. பெருவிரல் நிமிருது," என்றான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

தாணுமாலயன் கண்ணாடியைச் சாயாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகள் கோப்பை ஜெயித்தபோதுகூட அவருக்கு நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

"வலி திரும்ப வரும். வந்தா இதையே திரும்பச் செய்," என்றார் ஆசான். "கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டு போ. நாளைக்கு வெட்டப் போக வேண்டாம்."

ஏசுவடியானையும் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ தெருமுனை தாண்டியது. தாணுமாலயனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"பற்று போடல, தடவல, ஒரு புள்ளியைத் தொடல. காலே இல்லையே ஆசானே. அப்போ வலி எங்கேதான் இருந்துச்சு?"

ஆசான் திரும்பிப் பார்த்தார்.

"அவன் விரல் வச்சுக் காட்டினானே சாரே, அங்கேதான்."