வாசலில் நின்ற சீடர்

போளூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அங்கே சமையலுக்கும் தோட்டத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்குமாகப் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நிற்பார்கள். அன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்று பார்த்து, வேண்டியவர்களை மட்டும் மகுடபதி உள்ளே கூப்பிடுவார். மற்றவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஆறு வருஷமாக இப்படி.

மகுடபதி கெட்டவர் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஆள் எடுக்கும் அதிகாரியாக இருந்து, ஓய்வு பெற்றபின் சீடராகச் சேர்ந்தவர். பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவருடைய குரு அறவாழி அடிகள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

ஒருநாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான, கஞ்சி ஊற்றிய வள்ளிக்கண்ணுவின் இடது கை முந்தானைக்குள்ளேயே இருப்பதை அடிகள் கவனித்தார்.

“கையில என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சாமி. கஞ்சி கொட்டிடுச்சு.”

“எப்ப?”

“நாலு நாளாவுது.”

கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது.  அடிகள் உடனே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பத்து நாள் அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். “வீட்டுலேயே இரும்மா, உன் இடம் எங்கேயும் போகாது” என்றார் அடிகள்.

மறுநாள் ஆறு மணிக்கு, கட்டுப்போட்ட கையோடு அவள் வாசலில் நின்றாள்.

“உன் இடம் எங்கேயும் போகாதுன்னு சொன்னேனேம்மா?”

“சொன்னீங்க சாமி. ஆனா தெனம் வாசல்ல நிக்கிறது நாங்கதானே.”

 அடிகள் கீரை ஆய்கிற வேலையை அவளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு மகுடபதியைக் கூப்பிட்டார்.

“இவங்களை நிரந்தரமா எடுத்துக்கலாமே? லீவு, இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் சாமி. ஆனா நிரந்தரம்னு சொல்லிட்டா கை தளர்ந்துடும். நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோங்கிற பயம்தான் ஆளை ஓட்டும். பயமில்லாம யாராவது வேலை செய்வாங்களா? நீங்களே சொல்லுங்க.”

“நல்ல கேள்வி. நாளையிலேருந்து நீங்களும் வாசல்ல நில்லுங்க. சீடர் வேணும்னா அன்னன்னைக்குக் கூப்பிடறேன்.”

மகுடபதி இதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். முதல் நாளும் இரண்டாம் நாளும் அடிகள் அவரை உள்ளே கூப்பிட்டார்.

மூன்றாம் நாள், “இன்னைக்குக் கூட்டம் கம்மி. நாளைக்குப் பாருங்க” என்றார். கதவு சாத்தப்பட்டது. அவருடைய பாய், மாற்றுவேட்டி, படிக்கிற கண்ணாடி எல்லாம் உள்ளே. அன்று முழுக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் ஐந்து மணிக்கே வந்து எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

“முன்னால நின்னா எடுத்துக்குவாங்கன்னு நெனைக்காதீங்கய்யா. நாங்களும் அதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றும் அவரைக் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள், பனியில் நின்றதில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அடிகள் வருவது தெரிந்ததும் துண்டால் வாயைப் பொத்தி அடக்கினார். கண்ணில் நீர் முட்டியது.

“இருமிடுங்கய்யா” என்றாள் பக்கத்தில் நின்ற வள்ளிக்கண்ணு. “நோவை மறைக்கிறது எம்மாங் கஷ்டம்னு எனக்குத் தெரியும்.”

மகுடபதி அவள் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு வாய்விட்டு இருமினார்.

அடிகள் கதவை முழுக்கத் திறந்தார். “போதும், உள்ளே வாங்க. நான் இருந்தாலும் இல்லாட்டாலும் உங்க இடம் உங்களுக்குத்தான். ஆறு வருஷமா இவங்க பயந்து பயந்து காய்ச்சின கஞ்சியைக் குடிச்சவன் நானும்தான். வெக்கமா இருக்கு.”

மகுடபதி நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

“இவங்களும் வரட்டும் சாமி. பன்னிரண்டு பேரையும் இன்னைக்கே நிரந்தரமா எழுதிடறேன். இ.எஸ்.ஐ., பி.எஃப். ஆபீசுக்கெல்லாம் நானே அலையறேன்.” வள்ளிக்கண்ணு பக்கம் திரும்பினார். “நீ வீட்டுக்குப் போம்மா. கை ஆறினப்புறம் வா. சம்பளத்தோட லீவு.”

“கஞ்சி யாருங்கய்யா கிண்டுவாங்க?”

“நான் கிண்டறேன். நாலு மணிக்கே எழுந்து அடுப்பைப் பத்த வெச்சுடறேன்.”

வள்ளிக்கண்ணு நம்ப முடியாமல் மற்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள், “போ, போ” என்று அவளை விரட்டினார்கள். அவள் சிரித்துக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அடிகள் கேட்டார்: “மகுடபதி, இனிமே உங்களை இங்கேருந்து யாரும் வெளியே அனுப்ப முடியாது. அப்புறம் எதுக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கப் போறீங்க? யாருக்குப் பயந்து?”

மகுடபதி துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார்.