சிங்க் பொத்தான்மேல் ஒட்டிய டேப்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் பெனிட்டா, வயது இருபத்தொன்பது. தூத்துக்குடியில் ஒரு பேக்கரியின் மாடியில் டிஜே வகுப்பு எடுப்பவர். சீடர் சங்கரபாண்டிக்கு நாற்பத்து நான்கு. ஏரலில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார், சீடர் குருவை ‘டீச்சர்’ என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

முதல் நாள் பெனிட்டா கேட்டார், “இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி?”

“எங்க கோமதி அக்கா மகன் கதிரேசனுக்குக் கல்யாணம். வரவேற்புல மாமாதான் டிஜேன்னு ஒத்தக்கால்ல நிக்கான்.”

“நல்ல விஷயம்தானே.”

“அக்கா என்கிட்ட பேசி வருஷக்கணக்காச்சு டீச்சர்.”

காரணத்தையும் அவரே சொன்னார். ஊர்க் கோயில் கொடைவிழாவில் அக்காவின் கணவர், அத்தான் ஆவுடையப்பன், மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. வில்லுப்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கரபாண்டி ஆம்ப்ளிஃபயரில் மைக்கை அணைத்துவிட்டார். சத்தம் வராதது தெரியாமல் அத்தான் கையை ஆட்டிக்கொண்டே இருக்க, ஊரே சிரித்தது. அன்றோடு போக்குவரத்து நின்றது.

“தாய்மாமன்னு மேடையில ஏத்துவாங்களோ மாட்டாங்களோ தெரியாது. மண்டபத்துக்குள்ள நிக்கவாவது ஒரு வழி வேணும்லா” என்றார். சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பெனிட்டா லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். சங்கரபாண்டி வெறுங்கையோடு வரவில்லை. மூன்று மென்பொருள்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பெயர்கள் வாயில் நுழையாததால் படத்தின் நிறத்தை வைத்துப் பச்சை, கருப்பு, ஆரஞ்சு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இதுல எது நல்லது டீச்சர்?”

“உங்க பாட்டெல்லாம் எதுல அடுக்கி வச்சிருக்கீய?”

“பச்சையில.”

“அப்ப பச்சை.”

சீடருக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு பதில் கிடைத்தால் யாருக்குத்தான் ஆறும்? “கருப்புல சிங்க் நல்லாப் பிடிக்குங்காங்க. ஒரு பொத்தான் அமுக்குனா ரெண்டு பாட்டோட தாளத்தையும் அதுவே சேத்துருமாம். ஆரஞ்சுல இன்னும் துல்லியமாம். யூடியூப்ல ஒருத்தன் ஒரு மணி நேரம் பேசுதான்.”

பெனிட்டா ஒன்றும் மறுக்கவில்லை. பழைய பாட்டு ஒன்றையும் புதுசு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். “மூணுலயும் சிங்க் போட்டு ஓட்டுங்க. எது நல்லாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

பச்சையில் ஓட்டினார். திரையில் இரண்டு பாட்டின் அலைகளும் மேலும் கீழுமாகக் கச்சிதமாகப் பொருந்தி நின்றன. சங்கரபாண்டிக்கு முகமெல்லாம் பல். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் தாளம் நொண்ட ஆரம்பித்தது. கருப்பில் போட்டார், அதிலும் நொண்டியது. ஆரஞ்சிலும் நொண்டியது, துல்லியமாக நொண்டியது.

“திரையில சரியாத்தான காட்டுது?”

“திரையில சரிதான்.”

“பின்ன?”

“அந்தப் பழைய பாட்டுல டிரம்ஸ் அடிச்சவரு மனுஷன், அண்ணாச்சி. பல்லவியில நிதானமா இருப்பாரு, சரணத்துல கொஞ்சம் ஓடுவாரு. அது மிஷினுக்குத் தெரியல.”

“எனக்கும் தெரியலையே.”

பெனிட்டா அவருடைய பையிலிருந்தே கருப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தார். சவுண்ட் சர்வீஸ்காரர் பையில் சாப்பாடு இல்லாமல் இருக்கும், அது இல்லாமல் இருக்காது. ஒரு துண்டு கிழித்து, லேப்டாப்போடு இணைத்திருந்த கன்ட்ரோலர் பலகையின் சிங்க் பொத்தான்மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டார்.

“இனிமே காதுதான்” என்றார்.

அதன்பிறகு சங்கரபாண்டி பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஹெட்போனை ஒரு காதில் வைத்து வரப்போகிற பாட்டைக் கேட்கவேண்டும். மற்றொரு காதில் ஓடுகிற பாட்டைக் கேட்கவேண்டும். வேகத்தை மயிரிழை ஏற்றி, மயிரிழை இறக்கி, இரண்டும் ஒன்றாக நடக்கும்போது உள்ளே விடவேண்டும். வீட்டில் மனைவி கூப்பிட்டால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். சாம்பார் ஆறிப்போகும், அந்த விரல் இறங்காது.

மழைக்காலம் முடிந்தபோது கைக்கு வந்துவிட்டது. ஓடுகிற டிரம்மரையும் அவர் ஓடவிட்டே பிடித்தார். அப்படியொரு சந்தோஷம் அவருக்கு வாலிபத்தில்கூட வாய்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெனிட்டாவோடு ஒரு பிறந்தநாள் விழாவுக்கு உதவிக்குப் போனார். நடுவில் பெனிட்டா சாவகாசமாக சிங்க் பொத்தானை அமுக்கியதைப் பார்த்துவிட்டார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல இருந்தது.

“டீச்சர், நீங்க சிங்க் போடுதீய!”

“ஆமா.”

“எதுக்கு?”

“அந்த நேரத்துல தண்ணி குடிக்கலாம்” என்று சொல்லி பாட்டிலைத் திறந்தார். குடித்துக்கொண்டே ஆடுகிறவர்களைப் பார்த்தார். ஒரு பெரியவர் மூச்சுவாங்கி நாற்காலி தேடுவதைக் கண்டு, அடுத்ததாக மெதுவான பாட்டை எடுத்தார்.

சங்கரபாண்டிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வித்தை தெரிந்தவர் இப்படிச் செய்யலாமா என்று வீடு வரும்வரை மனசுக்குள் புலம்பினார். ஏற்கெனவே மருமகன் கதிரேசன் விவரமில்லாமல் ஒரு செய்தியைச் சொல்லிவைத்திருந்தான். ‘பொத்தானை அமுக்குனா பாட்டு ஓடப்போகுது, அதுக்கு ஒரு படிப்பா’ என்று அத்தான் கேட்டாராம். அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அக்கா மகன் கல்யாணத்தில் அந்தப் பொத்தானை விரலாலும் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்.

கல்யாண நாளும் வந்தது. காலை முகூர்த்தத்தில் தாய்மாமன் மாலையைச் சங்கரபாண்டியின் பெரியப்பா மகன் ஒருவர் போட்டார். சங்கரபாண்டி மண்டபத்துக்கு வெளியே வேனிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனபோது ஒரு பெட்டியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைத் தூக்கினார்.

சாயங்காலம் பெனிட்டாவும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். கன்ட்ரோலரில் டேப்பைப் பார்த்தார்.

“இன்னைக்கு எடுத்துரலாமே அண்ணாச்சி.”

“வேண்டாம் டீச்சர். அத்தான் பாக்கட்டும்.”

பாட்டுக்குப் பாட்டு கூட்டம் களத்தில் இறங்கியது. பெண் வீட்டுக்காரர்களும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் வேறுபாடில்லாமல் குதித்தார்கள். அடுத்தது அந்தப் பழைய பாட்டு, சரணத்தில் ஓடுகிற டிரம்மர். மேடை மைக்கில் யாராவது ‘ஹலோ ஹலோ’ என்று நடுவில் புகுந்து கெடுத்துவிடக் கூடாதென்று சங்கரபாண்டி மிக்சரில் மைக்கின் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டார். ஹெட்போனை அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். மயிரிழை ஏற்றினார். மயிரிழை இறக்கினார்.

கண்ணைத் திறந்து கைக்குக் கீழே இருந்ததை மட்டும் பார்த்தார். ஓரத்தில் ஒரு பட்டுச்சேலை வந்து நிற்பது தெரிந்தது. பாட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குக் கல்யாண வீட்டில் பஞ்சமா? தலையைத் தூக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். சேலை நின்றது. விரல் இறங்கவில்லை. சேலை போய்விட்டது.

பாட்டு உள்ளே போனது. இரண்டு பாட்டுக்கும் நடுவில் தையல் தெரியவில்லை. கூட்டம் ஓவென்று கத்தியது. சங்கரபாண்டிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

“எப்படி டீச்சர்?”

“சுத்தமா இருந்துச்சு.” பெனிட்டா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தான் பாத்தாரா?”

“பாத்தாரு. மைக்கை எடுத்து உங்களைப் பாத்து என்னமோ சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“கேக்கல.”

சங்கரபாண்டி மிக்சரைப் பார்த்தார். மைக்கின் சத்த விசை அடியில் கிடந்தது.

“கொஞ்ச நேரம் பேசிட்டு மைக்கை வச்சுட்டாரு. பெறகு உங்க அக்கா எறங்கி வந்தாவ.”

“எங்க?”

“இங்கதான். நீங்க விரலைக் காட்டுனீயல்லா.”

சங்கரபாண்டி தன் விரலைப் பார்த்தார். அது இன்னும் பாதி நீட்டியபடிதான் இருந்தது.

“நீங்க சொல்லக்கூடாதா டீச்சர்?”

“ரெண்டு தடவ சொன்னேன். தோளையும் தட்டுனேன்.”

மேடையில் குடும்பப் படத்துக்கு ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் கதிரேசனும் பெண்ணும். அவனுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. போட்டோக்காரர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக் கையாட்டினார். கோமதி அக்கா நகரவில்லை. சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு பிடிவாதமாக அந்த இடைவெளியை விட்டே நின்றாள்.

சங்கரபாண்டி ஓர் எட்டு வைத்தார். திரும்பி வந்தார். “அடுத்த பாட்டை ஏத்தணுமே. கூட்டம் நிக்கே.”

பெனிட்டா நகத்தால் நெம்பி டேப்பைப் பிய்த்தார். பொத்தானில் பசை கருப்பாக ஒட்டியிருந்தது. அதோடேயே அமுக்கினார். விளக்கு எரிந்தது.

“டீச்சர், நீங்கதான ஒட்டுனீய?”

“நான்தான் ஒட்டுனேன். இப்ப நான்தான் பிய்க்கேன்.”

“அத்தான் மேல இருந்து பாக்காரு. பொத்தான் அமுக்குத வேலைதான்னு மைக்கைப் பிடிச்சு ஊருக்கே சொல்லுவாரு, டீச்சர்.”

பெனிட்டா மிக்சரில் மேடை மைக்கை ஏற்றிவிட்டார்.

“சொல்லட்டும் அண்ணாச்சி. நீங்க மேடையில அவரு பக்கத்துல நின்னு கேளுங்க.”