பால்குடம் சுமந்த துபாஷ்

சென்னப்பட்டணத்தில் தெருத்தெருவாகப் பால் விற்றவள் பூங்காவனம். அவளை மூன்று நாளாகத் தலையில் நிறைகுடத்தோடு வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார், வெள்ளைக்காரத் துரையிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த துபாஷ் வேங்கடாசலம். தெரு வியாபாரிகளின் படம் வேண்டும் என்று துரை கேட்டிருந்தார். சித்திரக்காரர் ஒருவர் அவளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். தினமும் குடத்துப் பால் திரிந்தது. வாடிக்கை வீடுகளில் பிள்ளைகள் பாலில்லாமல் அழுதன.

"பாலை ஊத்திட்டு வந்து நிக்கிறேன் சாமி."

"சும்மா நிற்கிறதில் என்ன நோவு? அசைந்தால் இனி இந்தப் பட்டணத்தில் நீ பால் விற்க முடியாது."

பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் நாள் துரையே வந்தார். தமிழ் பழகியவர். "மாலையில் கப்பல் கிளம்புகிறது. படம் முடிந்ததா?"

"முகம் முடிந்தது. குடமும் அதைப் பிடித்த கையும்தான் பாக்கி," என்றார் சித்திரக்காரர்.

பூங்காவனம் குடத்தை இறக்கினாள். "துரையே, பசியில பிள்ளைங்க அழுவுது. சும்மா நிக்கிறதுல நோவே இல்லைன்னு இந்த ஐயாதான் சொன்னார். மிச்சத்துக்கு அவரே நிக்கட்டும்."

துபாஷ் வாயைத் திறப்பதற்குள், "கை யாருடையதானாலும் சரிதான்," என்றார் சித்திரக்காரர்.

துரை சிரிக்கவில்லை. துபாஷிடம் குடத்தைக் காட்டினார்.

திரிந்த பால் தளும்பும் குடத்தைப் பட்டுத் தலைப்பாகையின் மேல் ஏற்றி வைத்தாள் பூங்காவனம்.

"அசையாதீங்க சாமி," என்று சொல்லிவிட்டு மாடு கறக்கப் போனாள்.