கீறாத வைரம்

“பொம்பளைங்க கண்ணாடி பார்க்கத்தான் லாயக்கு, வெட்டுறதுக்கு இல்ல.”

கண்ணாடிக்கடை முதலாளி தணிகாசலம் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரித்தது, உள்ளே கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் காதில் விழுந்தது.  அவள் கட்டரும் கையுமாக வெளியே வந்தாள்.

“என் வேலையில என்ன குறைன்னு முகத்துக்கு நேரா சொல்லுங்க முதலாளி.”

“வாய் வேறயா? இந்தக் கண்ணாடியை ஒரு கீறல்கூட விழாம ரெண்டாக்கு. முடியலன்னா நாளையிலேருந்து கடையைக் கூட்டு.”

கோடு கீறித் தட்டினால்தான் கண்ணாடி சொன்ன இடத்தில் பிளக்கும். இல்லாவிட்டால் தன் இஷ்டத்துக்கு நொறுங்கும். அது அவருக்கும் தெரியும்.

அவள் கட்டரை மேசைமேல் வைத்தாள். “இது பட்டா கீறல்னு சொல்வீங்க. பம்பாய் வைரம்னு ஊரெல்லாம் காட்டுறீங்களே, அந்த மோதிரத்தால நீங்களே கோடு போடுங்க. உங்க வைரம் போட்ட கோட்டைக் கீறல்னு யார் சொல்லப்போறா?”

“போடுங்க அண்ணாச்சி!” என்றார்கள் வாடிக்கையாளர்கள்.

தணிகாசலம் மோதிரத்தை அழுத்தி இழுத்தார். கல்லின் முனைதான் பொடிந்தது.

அமலோற்பவம் கண்ணாடியைத் துடைத்துத் தூக்கிக் காட்டினாள். “நீங்க கேட்டபடியே ஒரு கீறல்கூட இல்ல முதலாளி. இனி நான் வெட்டட்டுமா?”

தணிகாசலம் மோதிரக் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டரை எடுத்து அவளிடம் நீட்டினார்.