தோப்பை அறுத்த ஓடை

இந்த வழக்கைக் கேட்டுவிட்டு, நெஞ்சறிந்து தீர்ப்புச் சொல்லுங்கள்.

புளியடிக்குளம் என்ற வானம் பார்த்த ஊரில் செண்பகவடிவும் இசக்கியம்மாளும் எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருந்தது. அதற்குப் போகும் பாதை சிதம்பரவேலுவின் தென்னந்தோப்பு வழியே போயிற்று. அந்த ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். "சமைஞ்ச பிள்ளைக படிச்சுக் கிழிச்சது போதும்" என்று முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்தார். ஏனென்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

செண்பகவடிவை வெளியூரில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். இசக்கிக்கு அப்படி ஒரு போக்கிடம் இல்லை. கட்டிக்கொடுத்தார்கள்; தலைப்பிரசவத்தில் தாயும் பிள்ளையுமாகப் போய்விட்டாள். சேதி கேட்டு ஓடிவந்த செண்பகவடிவு அழவில்லை. தோப்பின் முன்னால் நின்று, "இது அழியறத எங் கண்ணால பாக்காம விடமாட்டேன்" என்றாள்.

படித்துப் பொறியாளரானாள். அதற்குள் ஊர்க்குளம் வறண்டு, பெண்பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தையும் விட்டுக் குடம் சுமந்துகொண்டிருந்தார்கள். குளத்தைச் சீரமைக்கும் வேலை அவளிடம் வந்தது. வந்தது என்பதைவிட, கேட்டு வாங்கினாள் என்பதே உண்மை.

குளத்துக்கு நீர் கொண்டுவந்த பழைய புறம்போக்கு ஓடை தோப்புக்குள் மூடிக் கிடப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்காமல், இந்த ஊரின் கதை எதுவும் அறியாத வேறொரு பொறியாளரை அழைத்து அளக்கச் சொன்னாள். அவரும் தோப்பையே காட்டினார். சுற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். "மேடும்மா, தண்ணி ஏறாது" என்றார் அவர். கிராமசபை கூடியது. குடம் சுமந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கைதூக்கினார்கள்.

சிதம்பரவேலு நேரில் வந்தார். "தாயி, பிள்ளையாட்டம் வளத்த மரம்."

"இசக்கியும் ஒரு வீட்டுல பிள்ளையாத்தான் வளந்தா, பெரியப்பா."

ஒவ்வொரு மரம் சாயும்போதும் வெயிலில் நின்று பார்த்தாள். நெஞ்செல்லாம் இனித்தது. மழை பெய்தது, ஓடை ஓடியது, குளம் பெருகியது. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள்; ஓடைக்கரையே உயர்நிலைப் பள்ளிக்கும் பாதையானது.

ஒருத்தி திரும்பவில்லை. அவள் வான்மதி, சிதம்பரவேலுவின் ஒரே மகள், பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதையை அடைத்தவர் தன் மகளை மட்டும் படிக்கவிட்டிருந்தார். "என் தோப்ப அழிச்சவ படிச்சவ. எம் வீட்டுல இன்னொருத்தி வேண்டாம்" என்று அவர் மகளை நிறுத்தி, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்.

வான்மதி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு செண்பகவடிவிடம் வந்து அழுதாள். செண்பகவடிவுக்கு மனம் குளிர்ந்தது, அதை மறைப்பானேன்? கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும், பழி முழுசாகத் தீர்ந்துவிடும்.

"அப்பா மேல உள்ள கோவத்துல வாறியா, படிக்க வாறியா?"

"படிக்கணும்க்கா."

பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் குழந்தைகள் நல அதிகாரிகளிடம் போய்க் கல்யாணப் பேச்சை நிறுத்தினாள். தாயின் சம்மதத்தோடு வான்மதியை அரசு விடுதியில் சேர்க்க அழைத்துப் போனாள். "மரத்தையும் எடுத்தா, மகளையும் எடுத்துட்டாளே!" என்று சிதம்பரவேலு நடுத்தெருவில் நின்று கத்தினார்.

ஊர் இரண்டுபட்டது. இரண்டு முறையும் பழிதான் வாங்கினாள் என்றார்கள் சிலர். முதலில் செய்தது பழி, பின்னால் செய்தது தருமம் என்றார்கள் மற்றவர்கள். மரத்தை வெட்டியது, மகளை அழைத்துப்போனது: இந்த இரண்டில் எது பழி, எது நியாயம்?

விடை: இரண்டுமே நியாயம். ஓடை அங்கேதான் இருந்தது என்று பகையறியாதவரும் சொன்னார். வான்மதியோ படிப்பைக் கேட்டு வந்தாள். பகையே இல்லாத ஒருத்தியும் இவ்விரண்டையும் செய்திருப்பாள். பழி இருந்தது, அழுத பிள்ளையைப் பார்த்து மனம் குளிர்ந்த அந்தச் சற்று நேரத்தில். ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோகட்டும் என்று அப்போது சிதம்பரவேலுவும் செண்பகவடிவும் சேர்ந்தே விரும்பினார்கள். விடிந்ததும் அவள் எழுந்து நடந்தாளே, அந்த நடைதான் அவளை அவரிடமிருந்து பிரித்தது.